லத்தீன் சமஸ்கிருதத்தின் பிள்ளையா?

"ஐரோப்பிய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை, 1786இலேயே வில்லியம் ஜோன்ஸ் சொல்லிவிட்டார்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த ஆங்கிலேய மொழியறிஞர் ஜோன்ஸ். அவர் அப்படிச் சொல்லவில்லை. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை, அந்த மூலம் இன்று இல்லாமலும் போயிருக்கலாம் என்றார். கல்கத்தா ஆசியச் சங்கத்தின் ஆய்விதழ் முதல் தொகுதியில் அவருடைய அந்த 1786 உரை முழுதாக இருக்கிறது, படித்துப் பார்க்கலாம்.

மொழியே சாட்சி சொல்கிறது. நம் 'உம்' விகுதிக்கு லத்தீனில் 'க்வெ', கிரேக்கத்தில் 'தெ', சமஸ்கிருதத்தில் 'ச'. மூலம் 'க்வெ'. எகரத்தின் முன் நின்ற ககரம் சமஸ்கிருதத்தில் சகரமாகத் திரிந்தது. பிறகு அந்த எகரமும் அகரமாயிற்று. வடமொழியில் குறில் எகரம் கிடையாது என்பது நமக்குத் தெரிந்ததுதானே! தன்னிடம் இல்லாத எகரத்தை அது லத்தீனுக்கு எப்படிக் கொடுத்திருக்கும்? இவை உடன்பிறந்த மொழிகள். தாயும் பிள்ளையும் அல்ல.

அந்தச் செய்தி வந்தால், தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.