இதழியல் படிக்கும் எல்லைப்புறப் பிள்ளைகளுக்கு யார் படியளப்பது?

இதழியல் படிக்க வரும் மாணவர்களுக்கு உதவித்தொகையே கிடையாது என்று சொன்னால் அது பொய். மத்திய அரசிடம் திட்டங்கள் இருக்கின்றன, கேரளத்திடமும் தமிழ்நாட்டிடமும் இருக்கின்றன, சில தனியார் கல்வி நிறுவனங்களும் தம் மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை தருகின்றன. குமுளி, வண்டிப்பெரியாறு, பீருமேடு, உடும்பஞ்சோலை என்று கேரளத்தின் இடுக்கி மாவட்ட மலைமேல் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்கு அவற்றுள் எது கைக்கு எட்டும் என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கும்போதுதான் சங்கதி விளங்கும். கம்பத்துக்கும் குமுளிக்கும் இடையே பகுதிநேர நிருபராக நெடுங்காலம் அலைந்தவன் என்பதால், பள்ளி முடித்த பிள்ளைகள் விண்ணப்பங்களைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவதுண்டு. அவர்களுக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் படிப்பு எங்கே இருக்கிறது என்பதைப் பார்ப்போம். குமுளியிலிருந்து மேற்கே கே.கே. சாலையில் இறங்கினால் கோட்டயம். தீபிகையும் மனோரமாவும் வளர்ந்த ஊர். இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனத்தின் வட்டார வளாகமும் அங்கே இருக்கிறது. இன்னும் போனால் காக்கநாட்டில் கேரள மீடியா அகாதமி. இங்கெல்லாம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ எழுதக் கற்கலாம். தமிழில் எழுதக் கற்க முடியாது. ஆகவே தமிழ்வழிப் பள்ளியில் படித்த பிள்ளை கிழக்கே மலையிறங்கி, மதுரைக்கோ நெல்லைக்கோ சென்னைக்கோதான் போயாக வேண்டும். அந்த மலையை இறங்கிய கணத்திலேயே உதவித்தொகைக் கணக்கு குழம்பத் தொடங்கிவிடுகிறது.

கல்லூரி மாணவிகளுக்கான தமிழ்நாட்டின் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. மாதம் 1,000 ரூபாய் நேரே வங்கிக் கணக்குக்கு வரும் இத்திட்டங்கள் ஏழைக் குடும்பங்களில் என்ன மாற்றத்தைச் செய்தன என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கில் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். அவற்றைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எனினும், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்திருக்க வேண்டும் என்பது விதி. வண்டிப்பெரியாற்றுப் பக்கம் கேரள அரசின் தமிழ்வழிப் பள்ளியில் அதே தமிழில் படித்துவிட்டுத் தேனி மாவட்டக் கல்லூரியில் சேரும் பெண்ணுக்கு அந்தப் பணம் கிடையாது. தமிழ்நாட்டுப் பிள்ளைக்கே கூட இளநிலைப் படிப்போடு அது நின்றுவிடும். நம் பக்கத்தில் இதழியலைப் பெரும்பாலோர் முதுகலையில்தான் படிக்கிறார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பட்டியல் சாதி மாணவர்களின் நிலை இதைவிடக் கொடுமை. பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்போருக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில், குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், கல்லூரி திருப்பித் தராத கல்விக் கட்டணங்களோடு ஆண்டுப் படியும் உண்டு. வெகுஜனத் தொடர்பியல் படிப்பு அதில் இரண்டாம் தொகுதியில் வருகிறது. விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 9,500 ரூபாய், வீட்டிலிருந்து வருபவருக்கு 6,500. மாணவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ அந்த மாநிலம்தான் இதைத் தர வேண்டும். இங்கேதான் முடிச்சு விழுகிறது. பட்டியல் சாதி ஆணை வெளியான 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் கேரள மண்ணில் இருந்தது என்று காட்டினால்தான் இங்கே சாதிச் சான்றிதழ். ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர் புதிய மாநிலத்தில் அந்தச் சலுகையைக் கோர முடியாது என்று, ஆந்திரத்திலிருந்து மும்பைக்குப் போன குடும்பத்து மாணவர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தும்விட்டது.

சட்டத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் லயத்து வீட்டில், அதாவது தொழிலாளருக்கு எஸ்டேட் கட்டிவைத்த வரிசை வீட்டில், மூன்று தலைமுறையாகக் கிடந்தவர்களிடம் 1950-க்கு முந்தைய எந்தக் காகிதம் இருக்கும்? பட்டா இல்லை, வீட்டு வரி ரசீது இல்லை, வீடே எஸ்டேட்டுடையது. ஏலத்தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகளுக்காக வில்லேஜ் ஆபீசில் நானும் வரிசையில் நின்றிருக்கிறேன். பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) ஏதாவது இருந்தால் கொண்டுவாருங்கள் என்றார்கள். எஸ்டேட் ஆபீசில் கேட்டால், தோட்டம் கைமாறியபோதே பழைய ஏடுகளெல்லாம் போய்விட்டன என்றார்கள். அந்தப் பெண்ணின் தாத்தா உத்தமபாளையம் பக்கத்திலிருந்து வந்தவர் என்பதால் அங்கே போய்க் கேட்டால், ரேஷன் கார்டும் ஓட்டும் கேரளத்தில் இருக்க இங்கே எதற்கு வந்தீர்கள் என்று கேள்வி. கடைசியில் அந்தப் பெண் பொதுப் பிரிவுக் கட்டணம் கட்டித்தான் முதுகலை இதழியலில் சேர்ந்தாள். அம்மாவின் தோடு கம்பத்து அடகுக் கடைக்குப் போனது.

இவ்வளவும் கட்டணத்தைப் பற்றிய பேச்சு. அரசுப் பல்கலைக்கழகங்களில் இதழியல் கட்டணத்தைக் கடன் வாங்கியாவது சமாளித்துவிடலாம் என்பதே என் அனுபவம். பிள்ளைகளை உடைப்பது பயிற்சிக் காலம். படிப்பின் நடுவிலோ முடிவிலோ ஏதேனும் ஒரு நாளிதழிலோ தொலைக்காட்சியிலோ ஓரிரு மாதம் பயிற்சிக்குப் போக வேண்டும். அது பெரும்பாலும் சென்னையில் இருக்கும். பெரும்பாலும் சம்பளம் இருக்காது. தங்க அறை, மூன்று வேளைச் சோறு, பேருந்துக் கட்டணம், உழைக்கக்கூடிய ஒரு கைப்பேசி, மடிக்கணினி என்று எல்லாம் கைக்காசு. சென்னையில் சித்தப்பா வீடு இருக்கிற பிள்ளை நல்ல இடத்தில் பயிற்சி பெற்று அங்கேயே வேலைக்கும் அமர்ந்துவிடுகிறது; லயத்துப் பிள்ளை பக்கத்து ஊர் அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பி வருகிறது. விடுதி மாணவருக்கான அந்த 9,500 ரூபாய் முழுவதையும் கொட்டினாலும் சென்னையில் ஒரு மாதத்தைத் தாண்டாது, அதுவும் நேரத்துக்கு வந்தால். தேர்வெல்லாம் எழுதி முடித்த பிறகு கணக்கில் விழுந்த உதவித்தொகைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்குப் புதிதாகச் சட்டம் எதுவும் கொண்டுவர வேண்டியதில்லை. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், 2014 திருத்தத்துக்குப் பின் பொறியியல் அல்லாத பட்டதாரிகளையும் உள்ளடக்குகிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவை. பட்டதாரிப் பழகுநருக்குக் குறைந்தது மாதம் 9,000 ரூபாய் என்று 2019-இல் விதி வகுத்தார்கள். ஆலைகளுக்குப் பொருந்தும் இந்த முறையைச் செய்தி நிறுவனங்கள் இதழியல் பயிற்சிக்கும் கைக்கொள்ளலாம். ஊரில் யாருக்காவது கூலி பாக்கி என்றால் முதல் பக்கத்தில் போடும் பத்திரிகைகள், தம் மேசையில் சம்பளமில்லாமல் உட்கார்ந்து செய்தி திருத்தும் பிள்ளையைப் பற்றி வாய் திறப்பதில்லை. இதில் விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்தைப் பாராட்டித்தான் ஆக வேண்டும்: கல்லூரியில் படித்துக்கொண்டே எழுத வைத்து, தமிழ் ஊடகங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக ஆட்களை அனுப்பியது அது. ஊருக்கு ஊர் அப்படி ஒன்று இருந்திருக்க வேண்டும்.

எல்லைப்புறப் பிள்ளைக்கு ஏன் தனியாகக் கவலைப்பட வேண்டும் என்று கேட்பவர்கள் 2011 டிசம்பரை நினைத்துப் பார்க்கட்டும். முல்லைப்பெரியாறு அணை விவகாரத்தில் குமுளிச் சாலை அடைபட்டு, உடும்பஞ்சோலைப் பக்கத்துத் தொழிலாளர் குடும்பங்கள் உயிர் பயத்தில் தேனி மாவட்டத்துக்கு இறங்கி வந்த நாள்களில், மலைக்கு இரு பக்கத்துச் செய்திகளையும் ஒருசேரப் படித்தவர்கள் அவை ஒரே ஊரைப் பற்றியவை என்று நம்பியிருக்க மாட்டார்கள். 2015-இல் மூணாறில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அமைப்பான பெம்பிளை ஒருமைப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தபோது அவர்கள் பேசியது தமிழ். 232 ரூபாயாக இருந்த தினக்கூலி பின்னர் 301 ஆனது. 2020 ஆகஸ்ட் 6 இரவில் மூணாறை அடுத்த பெட்டிமுடி லயங்களின் மீது மலை சரிந்து 70 உயிர்கள் போயின. அவர்களுள் பலரின் வேர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு பக்கம். கேரளத்தின் ஆட்சியர் அலுவலகக் கோப்பை மலையாளத்தில் படித்து, லயத்துப் பாட்டியிடம் தமிழில் கேட்டு எழுதக்கூடிய நிருபர் இந்த மலையிலேயே பிறந்து வளர்கிறார். அவரைப் படிக்க வைக்கத்தான் எந்தக் கருவூலத்திலும் காசில்லை.

கட்சிகளும் தோட்ட முதலாளிகளும் அறக்கட்டளை வைத்துக் கொடுக்கலாமே என்று நண்பர்கள் சொல்வதுண்டு. யார் சோறு போட்டுப் படித்தோமோ அவர்களைப் பற்றியே நாளை எழுத வேண்டியிருக்கும் தொழில் இது. மருத்துவம் படிக்கும் பிள்ளைக்கு அந்தச் சங்கடம் இல்லை. எனவே பணம் அரசிடமிருந்தோ பல்கலைக்கழகத்திடமிருந்தோ பொது விதிப்படி வருவதே நல்லது. தமிழ்நாடு அரசு தமிழ்ப் புதல்வன், புதுமைப்பெண் விதிகளில் அண்டை மாநில அரசுத் தமிழ்வழிப் பள்ளிகளையும் சேர்த்தால் போதும்; ஆந்திரத்தின் நகரி, புத்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் அதனால் வழி பிறக்கும்.

இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் கவனிக்க: சாதிச் சான்றிதழ் கேட்காத ஒரு மத்திய உதவித்தொகை இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் தம் பாடப்பிரிவின் முதல் 20 விழுக்காட்டினருக்குள் வந்து, குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், இளநிலையில் ஆண்டுக்கு 12,000, முதுகலையில் 20,000 ரூபாய். கல்லூரியில் சேர்ந்த முதலாண்டிலேயே தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பித்தாக வேண்டும். இதழியல் முதுகலைக்குப் போன பிறகு நினைவு வந்து பயனில்லை. விண்ணப்பிக்கக் கேரளத்தின் இணையச் சேவை மையமான அக்ஷயா மையத்துக்குப் போகும்போது வருமானச் சான்றிதழையும் ஆதார் இணைத்த சொந்த வங்கிக் கணக்குப் புத்தகத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சான்றிதழிலும் ஆதாரிலும் இனிஷியல் வேறுவேறாக இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே திருத்திவிடுங்கள். நம் பக்கத்து விண்ணப்பங்கள் திரும்பி வருவது பெரும்பாலும் அதனால்தான்.