பி0401 வந்ததும் ஈஜிஆர் வால்வை மாத்தணுமா?

கார்ல பி0401-ங்கிற பழுதுக் கோடு வந்தா "வால்வு போச்சு, புதுசு போடுங்க"ன்னு சிலர் சொல்றது தப்பு. ஈஜிஆர் (எக்ஸாஸ்ட் புகையில கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்கே அனுப்புற அமைப்பு) வழியா போதுமான புகை போகலைன்னு மட்டும்தான் அந்தக் கோடு சொல்லுது.

வாக்யூமால் (உறிஞ்சு விசையால்) திறக்கிற வகை வால்வுன்னா, பெட்ரோல் இன்ஜினை ஐடிலிங்கில் விட்டு, வால்வோட ஹோஸைக் கழட்டி, கை பம்பால் வாக்யூம் கொடுங்க. இன்ஜின் தடுமாறினாலோ நின்னாலோ வால்வும் பாதையும் சரி. ஹோஸையும், அதுக்கு வர்ற வாக்யூமைக் கரண்ட்டால் திறந்து மூடுற சோலினாய்டையும் பாருங்க. வால்வோட தண்டு மேலே ஏறியும் இன்ஜின் அசையலைன்னா பாதையில கரி அடைச்சிருக்கு. பெரும்பாலும் இதுதான். பம்ப் முள் நிக்காம இறங்கினா டயாஃப்ரம் (வால்வுக்குள்ள இருக்கிற ரப்பர் சவ்வு) கிழிஞ்சிருக்கு, அப்போதான் புது வால்வு. (எக்ஸாஸ்ட் அழுத்தத்தைப் பொறுத்து வேலை செய்யற சில பேக்பிரஷர் வகையில ஐடிலிங்கில் வாக்யூம் நிக்காது, அதுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.)

பாதை அடைச்சிருந்தா, இன்ஜின் நல்லா ஆறினப்புறம் வால்வைக் கழட்டி, கரியைச் சுரண்டி, கார்ப் கிளீனரால் கழுவுங்க. டயாஃப்ரம்மேல தயவுசெஞ்சு அடிக்காதீங்க, ரப்பர் ஊறிடும். மாட்டும்போது கேஸ்கெட் புதுசு போடுங்க.