நெக்ஸ்ட்ஃப்ளோவுக்கு சூடோ தேவையில்லை

"நெக்ஸ்ட்ஃப்ளோ போட அட்மினிடம் சூடோ வாங்கியே ஆகணும்" என்று மேலே சொன்ன அண்ணே, அது சரியில்லை. நெக்ஸ்ட்ஃப்ளோ என்பது தரவு ஆய்வின் படிகளை வரிசையாக (அதுதான் பைப்லைன்) ஓட்டும் மென்பொருள்; சூடோ என்பது லினக்ஸில் நிர்வாகி உரிமையோடு கட்டளை இடும் வழி. புதிய பதிப்புகளுக்கு பேஷும் (கட்டளைகளை ஓட்டும் ஷெல்) ஜாவா 17 அல்லது அதற்கு மேலும் இருந்தால் போதும். ஜாவாவையும் எஸ்டிகேமேன் என்ற நிறுவல் கருவி மூலம் நம் ஹோம் ஃபோல்டரிலேயே போட்டுக்கொள்ளலாம். குழப்பம் டாக்கரால் (மென்பொருளைத் தேவையானவற்றோடு ஒரே பொதியாக ஓட்டும் கருவி) வந்திருக்கும். பொதுவாக அதற்குத்தான் அட்மின் தயவு வேண்டும். பலர் பகிரும் சர்வர் என்றால், டாக்கருக்குப் பதிலாக அதே வேலைக்கு சிங்குலாரிட்டியோ ஆப்டெய்னரோ இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

நானும் பினாங்கில் இதே பேச்சை நம்பி இரண்டு வாரம் பதில் மின்னஞ்சலுக்குக் காத்திருந்தவன்தான். கடைசியில் மாமாக் கடையில் உட்கார்ந்து, தே தாரிக் ஆறுவதற்குள் வேலை முடிந்தது!

விண்டோஸ்காரர்கள் டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) உள்ளே போடுங்கள். இன்னொன்று, ஓட்டும் கட்டளையில் அமைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் 'புரொஃபைல்' முன்னால் ஒற்றைக் கோடுதான் (-profile); பைப்லைனின் சொந்த அளவுருக்களுக்குத்தான் இரட்டைக் கோடு (--).