லேப்டாப் பேட்டரியை மாதம் ஒருமுறை பூஜ்யத்துக்கு இறக்கத் தேவையில்லை
மாதம் ஒருமுறை பேட்டரியைச் சுத்தமாகத் தீரவிட்டு நூறு வரை ஏற்றினால் ஆயுள் கூடும் என்று ஒரு கட்டுரை சொல்வது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்து வைத்தியம். இன்றைய லேப்டாப்களில் இருக்கும் லித்தியம் அயன் பேட்டரிக்கு அது வீண் தேய்மானம். அப்படிச் செய்வதால் சரியாவது திரையில் காட்டும் சதவீதக் கணக்கு மட்டுமே. 30 சதவீதம் காட்டிக்கொண்டே பொசுக்கென்று அணைந்தால் ஒருமுறை செய்து பாருங்கள், போதும். பேட்டரிக்குள் இருக்கும் செல்களை உண்மையில் அரிப்பது முழுச் சார்ஜிலேயே கிடப்பதும் சூடும்தான். நூறு சதவீதத்தில் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டிலோ அதற்குச் சற்று மேலேயோ நிற்கும். அதோடு சூடும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் எலெக்ட்ரோலைட் என்ற மின்பகுளி வேகமாகச் சிதையும். மெத்தையில் வைத்து, காற்றுத் துளையை அடைத்துக்கொண்டு சார்ஜ் போடுவதைவிட மோசமான பழக்கம் இல்லை. வாசகர் ஒருவர் சார்ஜரைச் செருகியே வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்: பயாஸிலோ (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புப் பக்கம்) தயாரிப்பாளரின் செயலியிலோ 80 சதவீத வரம்பு வைத்துவிட்டுத் தாராளமாக வைக்கலாம். மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் பாதிச் சார்ஜில் அணைத்து, குளுமையான இடத்தில் வையுங்கள். தேய்மானம் அறிய, விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டில் வடிவமைப்புக் கொள்ளளவு, அதாவது புதிதில் இருந்த அளவு, 50,000 மில்லிவாட்-மணி, இப்போதைய முழுக் கொள்ளளவு 38,000 என்றிருந்தால் மிச்சம் 76 சதவீதம். ஆனால் டச்பேட் மேலெழும்பி கிளிக் அமுங்காமல் போனால் கணக்கெல்லாம் வேண்டாம். பேட்டரி உப்பிவிட்டது, உடனே சார்ஜரைப் பிடுங்கி மாற்றக் கொடுங்கள், குத்திப் பார்க்காதீர்கள்.