சால்வை போட்டாச்சு, மைக்கையும் பிடுங்கியாச்சு

ஞாயித்துக்கிழமை முன்னாள் பட்டாளத்துக்காரங்களுக்குச் சால்வை போட்ட விழா வீடியோவை இந்நேரம் எல்லாரும் பாத்திருப்பீங்க. நான் அதைத் திரும்பப் போடல, எனக்கே இன்னொரு தடவை பாக்கத் தெம்பு இல்ல. அந்த ரிட்டயர்டு சுபேதார் ஐயா கேட்டது ஒரே கேள்வி. "எங்களுக்குச் சால்வை போடுறீங்க, சந்தோசம். பனிமலை மேல நிக்கிற பசங்களுக்கு நல்ல பூட்ஸும் சட்டையும் எப்ப குடுப்பீங்க?" அடுத்த வாக்கியத்துக்குள்ள மைக்கை வாங்கிட்டாங்க. சிறப்பு விருந்தினர் எந்திரிச்சு, "ராணுவத்தைக் குறை சொல்றது இப்ப ஃபேஷனாப் போச்சு"ன்னார். ஆயுசுல பாதியைப் பட்டாளத்துல கழிச்ச மனுசனைப் பாத்து! அதுக்கும் கை தட்டுச்சு நம்ம ஊர்.

ஒண்ணு மட்டும் சொல்லிக்கிறேன். குறை சொல்றது அவமானம் இல்ல. குறையோட அனுப்புறதுதான் அவமானம்.

அந்த ஐயா கதை விடல. தணிக்கைத் துறை அறிக்கை 2020 பிப்ரவரியில நாடாளுமன்றத்துலயே வச்சாங்க. பனிமலையில நிக்கிறவங்களுக்கான பூட்ஸ் 2015 நவம்பர்ல இருந்து 2016 செப்டம்பர் வரைக்கும் வாங்கவே இல்லையாம், ஏற்கெனவே போட்ட பூட்ஸையே சரிபண்ணித் திரும்பக் குடுத்தாங்களாம். பனியில கண்ணைக் காக்குற கண்ணாடிக்கும் பெரிய தட்டுப்பாடு. அந்தக் குளிர்காலத்துலதான், 2016 பிப்ரவரி 3, சியாச்சின் பனிமலையில 19வது மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆளுங்க 10 பேர் பனிச்சரிவுல புதைஞ்சாங்க. அதுல ஒருத்தர் நம்ம மதுரை மாவட்டம். பனிச்சரிவுக்கும் பூட்ஸுக்கும் முடிச்சுப் போடுறேன்னு யாரும் கிளம்பாதீங்க, நான் போடல. சவப்பெட்டிக்கு மலர்வளையம் வைக்க வரிசை கட்டுன அதே வருசம், உயிரோட நின்னவனுக்கு புது பூட்ஸ் வாங்கலன்னு மட்டும் சொல்றேன்.

என் தம்பி பட்டாளத்துல இருக்கான். யூனிட்டு, இடம் எதுவும் சொல்ல மாட்டேன். ஒரு தடவை லீவு முடிஞ்சு போறப்ப டவுன்ஹால் ரோட்டுக்குப் போகணும்னான். மீனாட்சியம்மனைப் பாக்கத்தான்னு நெனச்சேன். போனது கடைக்கு. கையுறை, கம்பளிச் சாக்ஸ், தலையில மாட்டுற டார்ச்சு, எல்லாம் சொந்தக் காசு. "அங்க குடுக்க மாட்டாங்களாடா?"ன்னேன். "குடுப்பாங்கக்கா, இது இன்னும் கொஞ்சம் நல்லாருக்கும்"னான். பொய் சொல்லத் தெரியாது அவனுக்கு. அம்மா பக்கத்துல நின்னதால நானும் மேல கேக்கல. மதுரை வெயில்ல வேர்த்து ஊத்த ஊத்த கம்பளிச் சாக்ஸுக்குப் பேரம் பேசுனோம்.

"ராணுவ பட்ஜெட்டைக் குறைக்கவே இல்ல, வருசா வருசம் கூடுது"ன்னு ஒரு அண்ணன் உடனே வருவார். வாங்கண்ணே. 2025-26ல 6.81 லட்சம் கோடி, ஒத்துக்கிறேன். அதுல புதுத் தளவாடம் மாதிரி மூலதனச் செலவுக்குன்னு வச்சது 1.80 லட்சம் கோடிதான். மிச்சம் சம்பளம், பென்ஷன், அன்றாடச் செலவு. விலைவாசியும் டாலரும் ஏறுறப்ப, கூட்டுனதா காட்டுற காசு எங்க போகுதுன்னு பாருங்க. 2018 மார்ச்சுல ராணுவத் துணைத் தளபதியே நாடாளுமன்ற நிலைக்குழு முன்னாடி சொன்னார்: கையில இருக்கிற தளவாடத்துல 68 சதவீதம் பழசு, அதிநவீனம் வெறும் 8 சதவீதம். ஏற்கெனவே ஒத்துக்கிட்ட கொள்முதலுக்குக் கட்டவேண்டியதே 29,033 கோடி, குடுத்தது 21,338 கோடி. அவரும் ஃபேஷனுக்காகத்தான் குறை சொன்னாரா? அவர் மைக்கையும் பிடுங்கியிருக்கலாமே!

குண்டு துளைக்காத சட்டை 1.86 லட்சம் வேணும்னு 2009ல முடிவு பண்ணி, ஒப்பந்தம் போட்டது 2018ல. ஒன்பது வருசம் நெஞ்சைக் காட்டிட்டு நின்னவன் எவன் வீட்டுப் பிள்ளை? மேடையில இருந்தவங்க வீட்டுப் பிள்ளையா?

மிக்-21 போர் விமானம் 1963ல வந்துச்சு, 2025 செப்டம்பர் 26லதான் வழியனுப்புனாங்க. விமானி உயிர் எத்தனையோ போயிருச்சு, "பறக்கும் சவப்பெட்டி"ன்னு பேரே வச்சாச்சு. இங்க 15 வருசம் தாண்டுன அரசு பஸ் ரோட்டுல ஓடக்கூடாதுன்னு 2023ல விதி வந்துச்சு. அந்த விதியிலயே ராணுவக் கவச வண்டிக்கு விலக்கு! பெரியார் பஸ் ஸ்டாண்டுல இருந்து திருப்பரங்குன்றம் போறவனுக்கு இருக்கிற பாதுகாப்பு, நாட்டுக்காகப் போறவனுக்கு வேண்டாமாம்.

"அப்புறம் எப்படிப் போர்ல ஜெயிச்சோம்?"னு கேப்பீங்க. ஜெயிச்சது அவனுங்க தெறமை. பழைய துப்பாக்கியை வச்சு ஒருத்தன் ஜெயிச்சுட்டான்னா அடுத்த தடவையும் அதையே குடுக்கலாம்னு அர்த்தமா?

"எதிரிக்குத் தெரிஞ்சுரும்"னு ஒரு குரூப். நாடாளுமன்றத்துல வச்ச அறிக்கை எதிரிக்குத் தெரியாது, நான் முகநூல்ல எழுதுனாத்தான் தெரியும். சரிங்க.

பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் காசு வேணும்ங்கிறவங்களோட எனக்குச் சண்டை இல்ல. அவங்க சொல்றதுல நியாயம் இருக்கு, அதை இன்னொரு நாள் பேசுவோம். எனக்கு வயித்தெரிச்சல், "எல்லாத்தையும் பென்ஷன்தான் தின்னுது"ங்கிறவங்க மேலதான். பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேக்குறேன். பேரையூர், சேடபட்டிப் பக்கம் எத்தனையோ வீட்டுல அந்தப் பென்ஷன்லதான் அடுப்பு எரியுது. கரிசல் காட்டுல மழை பொய்ச்சா பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுனது அதுதான். பூட்ஸுக்குக் காசு இல்லன்னா கெழவன் பென்ஷன்தான் கண்ணை உறுத்துதா? அதுக்குத்தானே 2022ல அக்னிவீரர்னு ஆள் எடுக்கிற அக்னிபத் திட்டம் கொண்டு வந்தீங்க? நாலு வருசம் வேலை, அப்புறம் நூத்துக்கு 25 பேருக்கு மேல நிரந்தரம் கிடையாது. பென்ஷனும் மிச்சம். மிச்சம் பிடிச்ச காசு பனியில நிக்கிறவன் காலுக்கு எப்ப வரும்?

எங்க அக்கா மகன் பட்டாளத்துல சேரணும்னு விடியக்காலையில உசிலம்பட்டி ரோட்டுல ஓடுறான். அந்த ரோடு முழுக்க அப்படிப் பசங்கதான். "உங்களை மாதிரிப் பேசுனா எவன் சேருவான்?"னு கமென்ட்ல ஒரு தம்பி கேட்டிருந்தான். சேருவாங்க தம்பி. இந்த மண்ணுல பயந்து நின்னவன் கிடையாது. அந்தத் தைரியத்தை வச்சுத்தானே எல்லாரும் கஞ்சத்தனம் பண்றாங்க!

இதுக்கும் கட்சி சாயம் பூசுறவங்க அன்ஃப்ரெண்ட் பண்ணிக்கலாம். யார் ஆண்டாலும் சரி, எல்லா ஆட்சியும் இதுல அடக்கம், 2009ல யார் இருந்தாங்கன்னு எனக்கும் தெரியும். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன், தம்பியை இதுல டேக் பண்ணாதீங்க. இந்தப் பதிவு அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா எடுக்கச் சொல்லுவான், நான் எடுக்க மாட்டேன், வீட்டுல சண்டை வரும்.