கொதிநீரில் ஊறவைத்தால் சட்டை உடம்புக்குப் பொருந்துமா?

"சண்டே மார்க்கெட்டில் வாங்கிய சட்டை தொளதொளவென்று இருக்கிறதா? கொதிக்கும் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவையுங்கள். எந்தத் துணியும் கச்சிதமாகிவிடும்" என்று புதுச்சேரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது.

பருத்தி சுருங்கும், அது சரி. அந்தச் செய்தியில் மற்றதெல்லாம் தவறு.

நெசவில் நூலை இழுத்துப் பிடித்துத்தான் நெய்கிறார்கள். தண்ணீரும் சூடும் பட்டதும் அந்த இறுக்கம் விட்டு நூல் சுருங்குகிறது. அதிகம் இழுபடுவது துணியின் நீளவாக்கில் ஓடும் பாவு நூல். சட்டையில் அது பெரும்பாலும் மேலிருந்து கீழாக ஓடுவதால் நீளம்தான் கூடுதலாகக் குறையும். நமக்குத் தொளதொளப்போ தோளிலும் மார்பிலும்! புதுச்சேரியின் ஏ.எஃப்.டி. துணி மில்லில் தறி ஓட்டிய பெரியவர் யாராவது தெருவில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், பாவையும் குறுக்கே ஓடும் ஊடையையும் வைத்தே விளக்கிவிடுவார்.

இப்போது பல பருத்தித் துணிகளை ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கிவிடுகிறார்கள். அமெரிக்கர் சான்ஃபோர்ட் க்ளூயட் உருவாக்கி 1930களில் பரவிய முறை அது. அப்படி வந்த துணி அப்புறம் 1 சதவீதம் சுருங்கினாலே அதிகம்.

பாலியெஸ்டரை ஆலையில் சுமார் 180 டிகிரி சூட்டில் நிலைப்படுத்துகிறார்கள். 100 டிகிரி தண்ணீரில் அதற்கு மடிப்பு விழும், அளவு மாறாது. ரேயான் நன்றாகவே சுருங்கும், ஆனால் எங்கே எவ்வளவு என்று நாம் தீர்மானிக்க முடியாது. உப்புக்கு இதில் வேலையே இல்லை. சாயம் போனால் அதுவும் நஷ்டம்.

தையல்காரரிடம் இரண்டு பக்கமும் பிடிக்கச் சொல்லுங்கள். பருத்தி என்றால் ஒருமுறை துவைத்துக் காயவைத்த பிறகு கொடுங்கள்.