ஃபுக்சியாவை ஃபுக்ஸ் பார்த்ததே இல்லை

"ஜெர்மன் மருத்துவர் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போய் ஃபுக்சியா பூவைக் கண்டுபிடித்தார், தன் நூலின் படங்களையும் அவரே வரைந்தார்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

ஃபுக்ஸ் 1501-இல் பவேரியாவின் வெம்டிங்கில் பிறந்தவர். 1535 முதல் டியூபிங்கனில் மருத்துவப் பேராசிரியர். 1566-இல் அங்கேயே இறந்தார். அமெரிக்கா பக்கமே போனதில்லை. அந்தப் பூச்செடியைக் கரீபியத் தீவான ஹிஸ்பானியோலாவில் கண்டு, ஃபுக்ஸின் நினைவாகப் பெயர் வைத்தவர் பிரெஞ்சுத் துறவி ஷார்ல் ப்ளூமியே. அந்தப் பெயர் அச்சேறியது 1703-இல்தான்.

படங்கள் விஷயம்தான் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. 1542-இல் பாசெல் நகரில் வெளிவந்த அவருடைய மூலிகை நூலில் 500-க்கும் மேற்பட்ட மரச்செதுக்குப் படங்கள் உண்டு. அதன் கடைசிப் பக்கங்களில் மூன்று பேரின் உருவப்படங்களைப் பெயரோடு போட்டிருக்கிறார். ஆல்பிரெக்ட் மேயர் எதிரே இருக்கும் செடியைப் பார்த்து வரைகிறார். ஹைன்ரிஷ் ஃபுல்மாவ்ரர் அதை மரப்பலகைக்கு மாற்றுகிறார். பலகையைச் செதுக்கிய ஃபைட் ருடால்ஃப் ஸ்பெக்லே கீழே இருக்கிறார். அந்தக் காலத்தில் கைவினைஞர்களுக்கு இப்படி ஒரு மரியாதை அபூர்வம். ஃபுக்ஸே மனமுவந்து கொடுத்த இடத்தை நாம் பிடுங்கி அவருக்கே கொடுப்பது நியாயமில்லை.

இன்னொன்று. அமெரிக்காவிலிருந்து வந்த மிளகாயின் படமும் அதே நூலில் இருக்கிறது. அதை அவர் இந்தியச் செடி என்று நினைத்து, 'கோழிக்கோட்டு மிளகு' என்றே குறித்திருக்கிறார். அமெரிக்கா போய் வந்தவர் அப்படி எழுதியிருக்க மாட்டார்.